கடற்கரை மணலில் கீரைப்பாத்தி

வீட்டுத் தோட்டம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது பரந்த முற்றமும், பாத்தி பாத்தியாகப் பிரித்த செம்மண்ணும், பக்கத்திலே ஒரு கிணறுமாகும். பாடநூல்களில் வரும் படங்களும் அவ்வாறே காட்டுகின்றன. அத்தகைய நிலம் கருங்கல்லில் உண்டு. தக்கலையிலும் திருவட்டாற்றிலும் உண்டு. நம் இனயத்திலோ வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஓர் ஆள் நடக்கும் சந்து. சந்து முடிந்தால் மணல். மணல் முடிந்தால் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கற்கள். அதற்கப்பால் அரபிக் கடல். "நமக்கு ஏது தோட்டம்?" என்று நம் தாய்மார் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் நிலமுள்ள ஊர்களைக் காட்டிலும் நிலமில்லாத நம் கடற்கரைக்கே கீரைப்பாத்தி மிகவும் தேவை என்பது எங்கள் எண்ணம். அதனை அமைக்க வேண்டிய பொருள்கள் யாவும் இவ்வூரிலேயே, பெரும்பாலும் குப்பையாக, கிடக்கின்றன என்பதையும் சொல்ல விழைகின்றோம்.

நம் ஊர்ப் பெயர் செய்தித்தாள்களில் பெரிதாக அடிபட்டது 2016-ஆம் ஆண்டில். இங்கே பெருந்துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்த ஆண்டு அது. அதன் பின்னர் நடந்தவற்றை ஊரார் அனைவரும் அறிவர். மற்றபடி கைப்பேசியில் 'இனயம்' என்று தேடப் போனால் 'இணையம்' என்று எண்ணிக்கொண்டு உலகத்துத் தோட்டங்களையெல்லாம் அது காட்டுகிறது! அந்தத் தோட்டங்களில் நம் மணலும் இல்லை, நம் உப்புக்காற்றும் இல்லை.

முதலில் தேவையைப் பார்ப்போம். ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள், மீன்கள் இனம் பெருகுவதற்காக, நம் மேற்குக் கடலில் விசைப்படகுகள் செல்லத் தடை உண்டு. நாட்டுப் படகுகளுக்குத் தடையில்லை எனினும் ஆனி, ஆடி மாதத்துக் கடல் யாரையும் எளிதில் விடுவதில்லை. அந்நாட்களில் வீட்டுச் செலவைச் சுருக்க வேண்டி வரும்போது முதலில் நின்று போவது எது? அரிசி நிற்பதில்லை, மரச்சீனி நிற்பதில்லை, தேயிலை நிற்பதில்லை. காய்கறியும் கீரையும்தான் நிற்கின்றன. அவை மேட்டு நிலத்திலிருந்து வண்டியேறி வருபவை; காசு கொடுத்தே வாங்க வேண்டியவை.

இது மாணவியராகிய நம்மை நேரடியாகத் தொடுகின்ற செய்தி. 2019–21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இரத்தச் சோகை இருந்தது. வகுப்பில் இருபது பேர் அமர்ந்திருந்தால் அவர்களுள் பத்துப் பேர் என்று எண்ணிப் பாருங்கள், தோழியரே! காலை வழிபாட்டில் தலைசுற்றி விழும் பெண்ணைக் கண்டால் "சாப்பிடாமல் வந்திருப்பாள்" என்று சொல்லி விடுகிறோம். சாப்பிட்டே வந்திருக்கலாம், சாப்பிட்டதில் இரும்புச் சத்து இல்லாதிருக்கலாம்.

இங்கே கடற்கரைப் பெண்களுக்கு ஒரு நற்செய்தி உண்டு. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை நம் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. ஆனால் அதே கீரையை மீனுடனோ இறைச்சியுடனோ சேர்த்து உண்டால் உறிஞ்சும் அளவு கூடுகிறது என்று உணவு ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கின்றனர். எலுமிச்சை, நெல்லி போன்றவற்றிலுள்ள உயிர்ச்சத்து 'சி'யும் அவ்வாறே உதவும். உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேயிலைத் தண்ணீரோ அதனைத் தடுக்கும். அப்படியானால் சாளைக் கறிக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி முருங்கைக்கீரைத் துவரன் வைத்து, தேயிலையை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டால் போதும். கடையில் விற்கும் டப்பாச் சத்துமாவுக்கு அவசியமில்லை. மேட்டு நிலத்தாருக்குக் கீரை உண்டு, மீன் அருமை. நமக்கு மீன் உண்டு, கீரைதான் அருமை. துவரனில் போடும் தேங்காயும் எண்ணெயும் வீண் அல்ல. கீரையிலுள்ள உயிர்ச்சத்து 'ஏ' உடலில் சேரக் கொழுப்பு வேண்டும்.

முருங்கையைப் பற்றி இப்போது மிகையாகப் பேசுகின்றனர் என்பதையும் சொல்லி விடுவோம். உலர்த்திப் பொடித்த முருங்கை இலையையும் தண்ணீரோடு கூடிய பச்சைக் கீரையையும் எடைக்கு எடை ஒப்பிட்டு, "இத்தனை மடங்கு இரும்பு" என்று விளம்பரம் செய்கிறார்கள். தண்ணீர் போனால் எதுவும் செறிவாகத்தான் தெரியும். முருங்கை நல்ல கீரை; மாயக் கீரை அன்று. நமக்கு அது பிடித்திருப்பதற்குக் காரணம் வேறு: மணலிலும் வேர் பிடிக்கும், வறட்சி தாங்கும், ஒரு கம்பை நட்டால் மரமாகும். விதையிட்டு ஓராண்டுக்குள் காய்க்கும் பி.கே.எம்.-1 என்னும் செடிமுருங்கையைப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கி 1989-இல் வெளியிட்டார்கள். சுவரோரம் ஒன்று நிற்க இடமுள்ள வீடுகள் நம் ஊரில் எத்தனையோ உண்டு.

இனி மண்ணுக்கு வருவோம். மணல் கெட்ட நிலம் அன்று. ஆனால் கொடுத்ததை வைத்துக்கொள்ளத் தெரியாத நிலம். ஊற்றிய நீர் இறங்கிப் போகும். போட்ட உரமும் அதனோடு போகும். நீரையும் சத்தையும் பிடித்து வைக்க மக்கு வேண்டும். மக்குக்கு மாட்டுச் சாணம் வேண்டும் என்பார்கள். மாடில்லாத ஊரில் என்ன செய்வது? நம்மிடம் இரண்டு கழிவுகள் உள்ளன. ஒன்று மீன் கழிவு: குடல், செவுள், தலை, செதிள். மற்றொன்று கதம்பையிலிருந்து நார் பிரித்தபின் மிஞ்சும் தூள். முதலாவதை நாய்க்கும் காக்கைக்கும் விடுகிறோம். இரண்டாவது மலைபோல் குவிந்து கிடக்கிறது.

கதம்பைத் தூளைத் தனியே செடிக்குப் போட்டவர்கள், "செடி மஞ்சளித்துப் போயிற்று" என்று குறைகூறக் கேட்டிருக்கிறோம். காரணம் இதுதான். மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் கரிச்சத்தும் தழைச்சத்தும் ஓர் அளவில் வேண்டும். தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிச்சத்து ஏறத்தாழ 25, 30 பங்கு இருப்பது நலம். கதம்பைத் தூளிலோ அது நூறு பங்குக்கும் மேல். பசித்த நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, செடி பட்டினி கிடக்கிறது. இதற்கு மாற்றாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு மக்க வைக்கும் முறையை வகுத்தனர். கயிறு வாரியமும் இதே வழியில் ஒரு காளான் வித்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அங்கே யூரியாவின் வேலை தழைச்சத்தைத் தருவது மட்டுமே. மீன் கழிவில் தழைச்சத்து மிகுதி. கரிச்சத்து மிகக் குறைவு. ஆகையால் மீன் கழிவு தனியே கிடந்தால் நாறும். கதம்பைத் தூள் தனியே கிடந்தால் மக்காது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். மீன் பதனிடும் நாடுகள் பலவற்றில் மரத்தூளுடன் மீன் கழிவைச் சேர்த்து மக்க வைப்பது இந்தக் கணக்கின்படிதான். மரத்தூளின் இடத்தில் நம் தூள், அவ்வளவே.

செய்முறை கடினமானதன்று. ஒரு கூடை மீன் கழிவுக்கு மூன்று கூடை தூள். உதிர்ந்த இலையும் கிடைத்தால் பழைய மக்கும் கைப்பிடி. மேலே ஒரு சாண் உயரத்துக்குத் தூளை மூடிவிட வேண்டும். இந்த மூடுபோர்வைதான் நாற்றத்தையும் ஈயையும் தடுப்பது. குவியலுக்குள் கைவைக்க முடியாத சூடு எழுந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறதென்று பொருள்; நோய்க் கிருமிகள் அச்சூட்டில்தான் மடியும். வாரம் ஒருமுறை கிளறி, ஈரம் குன்றாமல் பார்த்து, மூன்று மாதம் பொறுத்தால் கருநிற மக்கு கிடைக்கும். அதில் மீன் வாடை இருந்தால் இன்னும் ஆகவில்லை.

மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் கலந்து மூன்று வாரம் மூடி வைத்து எடுக்கும் 'மீன் அமிலம்' இயற்கை வேளாண்மை செய்வோரிடையே பெயர் பெற்றது. அது பயன் தருவது உண்மைதான். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து வேரில் ஊற்றினால் செடி பச்சை கட்டும். ஆனால் ஒரு கிலோ வெல்லத்தின் விலையை எண்ணிப் பார்த்தால், நாலு சாக்குக் கீரைக்கு அது கட்டுபடியாகுமா என்பது எங்களுக்கு ஐயமே. வெல்லம் பாயசத்துக்கு இருக்கட்டும். கழிவு குழிக்குப் போகட்டும்.

உப்பைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். உப்பு மூன்று வழியாக வருகிறது: காற்றில், கிணற்றில், கதம்பைத் தூளில். காயல் நீரிலும் உவர்ப்புக் குழிகளிலும் ஊறிய கதம்பையின் தூளில் உப்பு மிகுதி. சென்னையிலும் கோவையிலும் 2013–14-இல் அரசு தொடங்கிய மாடித்தோட்டத் திட்டத்தில் கொடுத்த பைகளில் இருந்ததும் கதம்பைத் தூள்தான். ஐரோப்பாவின் பசுமைக்குடில்களில் தக்காளியும் ஸ்ட்ராபெரியும் வளர்க்க இந்தியத் தூளும் பயன்படுகிறது. கப்பலேறும் தூளைப் பலமுறை கழுவி, அதன் உப்பை மின்கடத்தல் அளக்கும் கருவியால் அளந்து பார்த்த பிறகே அனுப்புகிறார்கள். நாம் எவ்வளவு கழுவினோம் என்பதை எப்படி அறிவது? இங்கேதான் பள்ளி வந்து கைகொடுக்க வேண்டும் என்கிறோம். அதனைப் பின்னர் சொல்வோம். வீட்டளவில், தூளைச் சாக்கில் கட்டி ஒரு மழைக்காலம் முழுதும் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வைத்தால் பெரும்பகுதி உப்பு கரைந்து போகும்.

கிணற்று நீர் கரிக்கிற வீட்டில் பீன்ஸ் போடலாகாது. அதுதான் உப்புக்கு முதலில் கருகும் செடி. பீட்ரூட், கொத்தவரை ஓரளவு தாங்கும். உப்பு நீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில், வெயில் தாழ்ந்த பின் ஊற்ற வேண்டும். மணலுக்கு ஒரு நற்குணமும் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை உப்பைக் கொண்டுவந்து கொட்டிய நிலங்களுள், களிமண் நிலங்களே நெடுநாள் துன்பப்பட்டன. மணல் நிலத்து உப்பை நல்ல மழை கழுவிச் சென்றது. வைத்துக்கொள்ளத் தெரியாத நிலம் தீமையையும் வைத்துக்கொள்வதில்லை! குமரி மாவட்டத்துக்கு இரு பருவ மழையும் உண்டு. தமிழகத்தின் பிற கடற்கரைகளில் பலவற்றுக்கு இந்தப் பேறு இல்லை. மேலும் உவர்நிலத்திலேயே வளரும் தாவரங்களுக்கென எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வேதாரண்யத்தில் ஒரு தோட்டமே அமைத்திருக்கிறது. நம் கரையோரம் படர்ந்து கிடக்கும் பருப்புக்கீரையைக் களையென்று மிதித்துப் போகிறோம். அது உண்ணத் தகுந்த கீரை, உப்புக்கும் எளிதில் தளராது.

அடுத்தது, பூச்சிக்கு மருந்தடிக்கலாமா என்னும் வினா. இதில் எங்கள் கருத்து உறுதியானது: உண்ணும் கீரைக்கு வேண்டாம். நல்லெண்ணத்தால் மட்டும் இவ்வாறு சொல்லவில்லை. மரச்சீனியின் கதையைக் கேளுங்கள். தென் அமெரிக்கச் செடியான மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நம் பகுதியும் அதனால்தான் மரச்சீனி உண்ணும் நாடாயிற்று. அச்செடியை அழிக்கும் மாவுப்பூச்சி ஒன்று 1970-களில் ஆப்பிரிக்காவில் புகுந்து கோடிக்கணக்கானோரின் உணவைக் குலைத்தது. மருந்து தெளித்து மாளவில்லை. அப்பூச்சியின் தாயகமான தென் அமெரிக்காவிலிருந்து அதன் பகைவனாகிய ஒரு சிறு குளவியைக் கொணர்ந்து விட்டார்கள்; பூச்சி அடங்கிற்று. இப்பணிக்குத் தலைமை ஏற்ற ஹான்ஸ் ஹெரன் என்பவர்க்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்துத் திருச்சூரில் தலைகாட்டித் தமிழ்நாட்டுக்கும் பரவியது. பெங்களூரிலுள்ள தேசிய ஆய்வு நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியை வரவழைக்க, 2022-இல் நம் மாநிலத்து வயல்களில் அது விடப்பட்டது. மருந்தடித்தால் முதலில் மடிவது இந்தக் குளவிதான்.

தென்னையிலும் இதுவே. ஓலையின் அடியில் வெள்ளைச் சுருளாகப் படிந்து, கீழே கரும்பூஞ்சு படரச் செய்யும் வெள்ளை ஈ 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் காணப்பட்டது. அதனையும் ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி தேடிச் சென்று அழிக்கிறது. ஆகவே ஆராய்ச்சி நிலையங்கள் சொல்வது, நஞ்சு தெளிக்காதீர்கள், நீரைப் பீய்ச்சுங்கள், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளைக் கட்டித் தொங்க விடுங்கள், பொறுத்திருங்கள் என்பதே. பொறுத்திருப்பது ஒரு வேலையா என்று சிலர் நகைப்பர். எது மடிகிறது, எது பெருகுகிறது என்று நாள்தோறும் இலையைத் திருப்பிப் பார்ப்பதைவிடக் கடினமான வேலை தோட்டத்தில் இல்லை.

இன்னொரு வினாவை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, நாங்கள் கேட்கிறோம். இந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறவர் யார்? பள்ளி விட்டு வந்த பெண்பிள்ளைதானே? குடம் சுமப்பது, தம்பியைப் பார்ப்பது, பாத்திரம் கழுவுவது ஆகியவற்றோடு இதுவும் சேருமானால் கீரையால் ஏறும் இரத்தம் வேலையால் இறங்கி விடும்! தடைக் காலத்தில் அண்ணன்மாரும் தந்தையரும் கரையில்தான் இருக்கிறார்கள். வலை பின்னும் கைகளுக்குக் குழி தோண்டவும் தெரியும். கிழிந்த வலையைச் சுற்றிலும் கட்டிக் கோழியைத் தடுப்பதும், அவரைக்கு ஏணியாக நிறுத்துவதும் அவர்களால் நம்மைவிட நன்றாக முடியும். வலையின் துணுக்குகள் மண்ணில் விழாமல் பொறுக்கி எடுப்பதையும் அவர்களே செய்யட்டும். அவ்வாறே, வெயிலில் நைந்து நார்நாராகிப் பறக்கும் பிளாஸ்டிக் சாக்குகளில் செடி வைப்பதை நாங்கள் விரும்பவில்லை. அவை போய்ச் சேரும் இடம் கடல். உடைந்த குடம், மண்சட்டி, பழைய மீன்கூடை இவை எந்த வீட்டில் இல்லை?

இனிப் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம். பள்ளிக்கூடத் தோட்டங்கள் பெரும்பாலும் விருந்தினர் வருகைக்காகவே பூக்கின்றன. குரோட்டன்ஸ் செடிக்குச் சுண்ணாம்பு அடித்த தொட்டியும், வாசலில் பெயர்ப்பலகையும், விழா முடிந்தபின் வாடிய நிலையும் நாம் கண்டவையே. அதற்கு மாறாக வேதியியல் ஆய்வகத்தின் பின்புறம் ஒரு மூலையைத் தாருங்கள். மின்கடத்தல் அளக்கும் சிறு கருவி ஒன்று வாங்கித் தாருங்கள். எந்தத் தெருக் கிணற்றில் உப்பு எவ்வளவு, எத்தனை முறை கழுவினால் தூளில் உப்பு எவ்வளவு குறைகிறது, மீன் கழிவுக் குழியின் சூடு எந்த நாளில் எவ்வளவு என்று நாங்களே அளந்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறோம். பல்கலைக்கழகங்கள் கண்டவை பொதுவான உண்மைகள். இனயத்தின் கிணறுகளையும் இனயத்தின் மணலையும் இங்கே இருப்பவர்கள்தாம் அளக்க முடியும். அந்தக் குறிப்பேடு ஆண்டுதோறும் மேல்வகுப்பிலிருந்து கீழ்வகுப்புக்குக் கைமாற வேண்டும். தோற்றுப்போன பாத்திகளின் கணக்கும் அதில் இருக்க வேண்டும்.

தண்டுக்கீரையும் சிறுகீரையும் விதைத்த 25, 30 நாட்களில் பறிப்புக்கு வரும். ஜூன் முதல் தேதி மழையோடு விதைத்தால் அம்மாதக் கடைசியில் ஒன்று, ஜூலைக் கடைசியில் ஒன்று என, தடைக்காலம் முடியுமுன் இருமுறை அறுக்கலாம். முருங்கையும் கொடிப்பசலையும் காந்தாரி மிளகும் அதன்பின் தாமாகவே நிற்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஜூன் மாதத்தில் கரையில் மீனே குறைவு. கழிவு எங்கிருந்து வரும்? மூன்று மாதம் மக்க வேண்டிய குழியை, மீன் மலிந்திருக்கும் பிப்ரவரியிலேயே நிரப்பி மூடிவிட வேண்டும். கழுவிய கதம்பைத் தூளோ அதற்கும் முந்திய ஐப்பசி மழையிலேயே நனைந்திருக்க வேண்டும்.